கோட்டைக்கு அடியில் ஒரு தராசு: பஹ்ரைன் தீவின் கடற்கரை அருங்காட்சியகம்

பஹ்ரைன் என்னும் பெயர் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. காயல்பட்டினத்திலிருந்து அதிராம்பட்டினம் வரை கடலோர ஊர்கள் பலவற்றில் அந்தத் தீவில் உழைத்த ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. விசா, சம்பளம், விடுமுறை, ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றோடு சேர்த்தே அந்தப் பெயரை நாம் உச்சரித்து வந்திருக்கிறோம். எனினும், அத்தீவின் வடகரையில் நாலாயிரம் ஆண்டு வணிக வரலாற்றைத் தன்னுள் அடக்கிக்கொண்டு ஒரு மண்மேடு இருப்பதையும், அதன் அருகில் கடலைப் பார்த்தபடி ஓர் அருங்காட்சியகம் நிற்பதையும் நம்மில் அறிந்தோர் சிலரே. ஆண்டுக்கணக்கில் அங்கு வாழ்ந்து திரும்பியவர்களிலும் அதைக் கண்டவர்கள் குறைவு.

கல்அத் அல்பஹ்ரைன், அதாவது பஹ்ரைன் கோட்டை, என்பது அவ்விடத்தின் பெயர். தலைநகர் மனாமாவுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், கர்பாபாத் என்னும் சிற்றூரை ஒட்டி, பேரீச்சந் தோப்புகளுக்கும் கடலுக்கும் இடையே அது அமைந்துள்ளது. நீளம் 600 மீட்டர், அகலம் 300 மீட்டர். இது இயற்கையாக எழுந்த குன்று அன்று. மனிதர் வீடு கட்டி, அது இடிந்தபின் அதன்மேல் இன்னொரு வீடு கட்டி, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்ததால் உயர்ந்த மேடு. கி.மு. 2300 அளவில் தொடங்கிய குடியிருப்பு கி.பி. 16ஆம் நூற்றாண்டு வரை நீடித்ததை அதன் அடுக்குகள் காட்டுகின்றன. யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டு இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அருங்காட்சியகம் 2008இல் திறக்கப்பட்டது.

இந்த இடத்தின் வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இங்கே ஆட்சிகள் மாறின, மொழிகள் மாறின, வழிபாடு மாறியது. ஆனால் எந்தக் காலத்திலும் இங்கு வந்த வணிகனின் முன்னால் ஒரே கேள்விதான் நின்றது: கொடுத்த வாக்கு காக்கப்படுமா? அந்தக் கேள்வியின் வழியாகவே இத்தீவின் கதையை இங்கே சொல்ல முயல்கிறோம்.

பெயரில் ஒரு பிழை

மேட்டின் உச்சியில், அகழி சூழ, தடித்த கொத்தளங்களோடு கோட்டை ஒன்று நிற்கிறது. பார்ப்போர் கண்ணில் முதலில் படுவது அதுவே. நெடுங்காலமாக மக்கள் அதனைப் 'போர்த்துக்கீசியர் கோட்டை' என்றே அழைத்து வந்தனர். இந்தப் பெயர் பாதி உண்மையையே சொல்கிறது. போர்த்துக்கீசியர் இத்தீவைக் கைப்பற்றியது 1521இல். அதற்கு முன்பே, 15ஆம் நூற்றாண்டில், வளைகுடாவின் வணிகத்தைத் தன் கையில் வைத்திருந்த ஹுர்முஸ் அரசின் காலத்தில் இங்கே கோட்டை எழுந்துவிட்டது. போர்த்துக்கீசியர் 1561இல் அதனைப் பெரிதாக்கி, பீரங்கிப் போருக்கு ஏற்ற கொத்தளங்களைச் சேர்த்தனர். 1602இல் ஈரானின் சஃபவி அரசு அவர்களை வெளியேற்றியது. எண்பது ஆண்டு ஆதிக்கம் செலுத்தியவர்களின் பெயர் கோட்டையின்மேல் ஒட்டிக்கொண்டது; அதைக் கட்டிய முஸ்லிம் கைவினைஞர்களும் ஆட்சியாளர்களும் பேச்சு வழக்கிலிருந்து மறைந்துபோயினர்.

அதே 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிக்கும் கரையையும் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர் என்பதை நம் ஊர்களின் வரலாறு அறிந்தவர்கள் நினைவு கூரலாம். பஹ்ரைனின் முத்தும் நம் கரையின் முத்தும் ஒரே கைக்குள் சிக்கிய காலம் அது.

அடுக்குகளின் சுவர்

1950களில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரிலிருந்து பி. வி. குளோப், ஜெஃப்ரி பிப்பி ஆகியோர் தலைமையில் வந்த ஆய்வுக் குழு இந்த மேட்டில் முதன்முதலாக முறையான அகழாய்வைத் தொடங்கியது. கோட்டையின் நிழலில் தோண்டத் தொடங்கியவர்களுக்கு அதன் அடியில் ஒரு நகரமும், அந்நகரத்தின் அடியில் இன்னொரு நகரமும் கிடைத்தன. சுமேரியரின் களிமண் ஏடுகளில் மட்டுமே அறியப்பட்டிருந்த 'தில்முன்' என்னும் நாட்டின் தலைநகர் இதுவே என்பது பின்னர் தெளிவாயிற்று. 1970களிலிருந்து பிரெஞ்சு ஆய்வாளர்களும் இப்பணியில் இணைந்தனர். இத்தனைக்குப் பிறகும் மேட்டின் கால் பங்கே தோண்டப்பட்டுள்ளது. எஞ்சிய முக்கால் பங்கு இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது.

அருங்காட்சியகத்தின் நடுநாயகமாக இருப்பது ஒரு நெடிய சுவர். மேட்டை வெட்டிப் பார்த்தால் தெரியும் மண் அடுக்குகளை அந்தச் சுவர் காட்டுகிறது. அதனைச் சார்ந்து, காலவரிசைப்படி காட்சிக்கூடங்கள் அமைந்துள்ளன. மட்பாண்டங்கள், முத்திரைகள், எடைக்கற்கள், செம்புப் பொருள்கள், நாணயங்கள், சீனப் பீங்கான்கள் என ஒவ்வொன்றும் தான் கிடைத்த அடுக்கின் காலத்தோடு வைக்கப்பட்டுள்ளது. மூடிய கிண்ணங்களில் பாம்பைச் சுருட்டி வைத்து, சிலவற்றில் ஒரு மணியையும் இட்டு, மாளிகையின் தரைக்கடியில் புதைத்த பழங்கால மக்களின் சடங்கையும் அங்கு அறியலாம். ஏகத்துவத்தின் அழைப்பு வந்து சேருவதற்கு முன் இம்மண்ணில் வாழ்ந்தோர் எவற்றுக்கு அஞ்சினர், எவற்றிடம் காவல் தேடினர் என்பதற்கு அது ஒரு சான்று.

அயலாரின் எடைக்கல்

கோட்டைச் சுவர்களைவிட நம்மை நிறுத்தி வைக்கும் பொருள் ஒன்று அந்த அடுக்குகளில் உண்டு. அது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கல்.

ஓமானின் மலைகளில் எடுக்கப்பட்ட செம்பு, சிந்துவெளியின் மரமும் தந்தமும் மணிகளும், மெசொப்பொட்டேமியாவின் துணியும் தானியமும் கைமாறிய இடம் தில்முன். தன் நிலத்தில் செம்பு இல்லாத இத்தீவு செம்பு வணிகத்தின் சந்தையாக விளங்கியதற்கு அதன் இடமும் நன்னீர் ஊற்றுகளும் முதற்காரணம். ஆனால் இடமும் நீரும் மட்டும் போதா. வெவ்வேறு மொழி பேசுவோர், ஒருவரையொருவர் அறியாதோர், ஒரே தராசின் முன் நிற்க வேண்டுமென்றால் அந்தத் தராசின் மீது அனைவருக்கும் நம்பிக்கை வேண்டும்.

தில்முன் வணிகர்கள் இதற்குக் கண்ட வழி வியப்புக்குரியது. இம்மேட்டில் கிடைத்த, நன்கு மெருகேற்றிய எடைக்கற்கள் சிந்துவெளி நகரங்களில் வழங்கிய எடைகளோடு ஒத்துப்போகின்றன. 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் அந்த வரிசையில் மிகுதியாகக் கிடைப்பது சுமார் 13.7 கிராம் எடையுள்ள கல். மெசொப்பொட்டேமியாவின் எடைமுறை வேறு. ஊர் நகரில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 1800ஐச் சேர்ந்த ஒரு களிமண் ஏடு தில்முனில் பெற்ற செம்பின் கணக்கைத் தருகிறது. அந்தச் சரக்கு முதலில் தில்முன் எடையில் குறிக்கப்பட்டு, பின்னர் ஊர் நகரின் எடைக்கு மாற்றிக் காட்டப்பட்டுள்ளது. இன்றைய கணக்கில் 18 டன்னுக்கு மேற்பட்ட செம்பு அது. எந்த எடையால் நிறுத்தோம் என்பதை ஏட்டிலேயே எழுதி வைத்ததால் இரு கரையினருக்கும் ஐயம் எழ வழியில்லை.

முத்திரைகளின் செய்தியும் இதுவே. தில்முன் வணிகர்கள் வட்ட வடிவக் கல்முத்திரைகளைப் பயன்படுத்தினர். மூட்டையின் முடிச்சிலும் கதவின் பூட்டிலும் களிமண்ணை அப்பி அதன்மேல் முத்திரையைப் பதித்தால், இடையில் யாரேனும் திறந்தால் தெரிந்துவிடும். இவ்வகை முத்திரை ஒன்று குஜராத்தின் லோத்தல் துறைமுகத்திலும் கிடைத்திருக்கிறது. இந்தியக் கரைக்கும் இத்தீவுக்கும் இடையே நிலவிய உறவுக்கு அந்தச் சிறு கல் சாட்சி.

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கடுமையாக எச்சரித்துத் தொடங்கும் ஓர் அத்தியாயமே அருள்மறையில் இருப்பதை நாம் அறிவோம். 83ஆவது அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன் அது. மத்யன் மக்களிடம் அனுப்பப்பட்ட ஷுஐப் நபி (அலை) அவர்களின் அழைப்பில், அல்லாஹ்வை மட்டும் வணங்குங்கள் என்பதை அடுத்து வந்த அறிவுரை நிறுவையைப் பற்றியதுதான். தொழுகையையும் தராசையும் தனித்தனி உலகங்களாகப் பிரித்துப் பழகிவிட்ட நமக்கு, அந்தச் சிறு எடைக்கல் இந்தப் பாடத்தைக் கண்முன் வைக்கிறது.

தீராத ஒரு முறையீடு

நேர்மை இருந்த இடத்தில் ஏமாற்றும் இருந்தது. தில்முனுக்குச் சென்று செம்பு வாங்கி வந்து ஊர் நகரில் விற்ற வணிகர்களில் ஈயா நாஸிர் என்பவன் ஒருவன். நன்னி என்னும் வாடிக்கையாளன் ஏறத்தாழ கி.மு. 1750இல் அவனுக்கு எழுதிய முறையீட்டுக் கடிதம் களிமண் ஏடாகக் கிடைத்து, இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. நல்ல செம்பு தருவதாகச் சொல்லிவிட்டுத் தரங்குறைந்த கட்டிகளை என் ஆளின் முன் வைத்தாய், வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ என்றாய், பகைவர் நிலத்தைக் கடந்து வந்தவனை வெறுங்கையோடு அனுப்பினாய் என்பது அதன் சாரம். இனி உன்னிடமிருந்து வரும் ஒவ்வொரு கட்டியையும் நானே பார்த்துத் தேர்ந்தெடுப்பேன் என்றும் அவன் எழுதுகிறான்.

ஈயா நாஸிர் ஈட்டிய இலாபம் எவ்வளவு என்பதும், அதைக் கொண்டு என்ன வாங்கினான் என்பதும் காற்றோடு போயின. அவன் பொருட்டு நொந்துபோன ஒருவனின் சொல் மட்டும் மூவாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்குமேல் அழியாமல் கிடக்கிறது. ஒருவன் இழந்த பொருளைக் காட்டிலும் அவன் ஆளுக்கு நேர்ந்த அவமதிப்பே கடிதத்தில் ஓங்கி ஒலிக்கிறது. கூலி கேட்டுப் பலமுறை நடந்து வெறுங்கையோடு திரும்பிய எந்த உழைப்பாளியும் அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்வான்.

பஹ்ரைனின் பொருளும் நபிகளாரின் வாக்கும்

இனி நம் மார்க்க வரலாற்றுக்கு வருவோம். இங்கே ஒரு தெளிவு தேவை. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் 'பஹ்ரைன்' என்றால் இன்றைய தீவு மட்டும் அன்று; அரேபியாவின் கிழக்குக் கடற்கரை முழுவதையும் அப்பெயர் குறித்தது. தீவுக்கு 'அவால்' என்று தனிப்பெயர் இருந்தது. மதீனாவின் பள்ளிவாசலுக்குப் பிறகு முதல் ஜும்ஆ நடந்ததாக ஹதீஸில் வரும் ஜுவாஸா என்னும் ஊரும் அன்றைய பஹ்ரைன்தான். இன்று அது சவூதி அரேபியாவின் அல்அஹ்ஸா பகுதியில் உள்ளது. அப்பகுதியை ஆண்ட அல்முன்திர் பின் ஸாவாவிடம் நபி (ஸல்) அவர்களின் கடிதத்தைக் கொண்டு சென்றவர் அல்அலா பின் அல்ஹள்ரமீ (ரலி) அவர்கள். அல்முன்திர் இஸ்லாத்தை ஏற்றார். அக்கரையும் அதனைச் சார்ந்த தீவும் இவ்வாறு இஸ்லாத்தின் ஒளியைப் பெற்றன.

வணிகத்தால் செழித்த அப்பகுதியிலிருந்து மதீனாவுக்குப் பெரும் பொருள் வந்தது. அதுவரை வந்த செல்வங்களில் அதுவே மிகுதி என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதைப் பள்ளிவாசலில் கொட்டி வைக்கச் செய்த நபி (ஸல்) அவர்கள் தொழுகைக்கு வரும்போது அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தொழுது முடித்தபின் அதனருகில் அமர்ந்து, கண்டவர்க்கெல்லாம் கொடுத்தார்கள். ஒரு திர்ஹம்கூட மீதமில்லாத நிலையில்தான் எழுந்தார்கள்.

இன்னொரு செய்தி நம் பொருளுக்கு மேலும் நெருக்கமானது. பஹ்ரைனின் பொருள் வந்தால் உமக்கு இவ்வளவு இவ்வளவு தருவேன் என்று ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கைகளால் காட்டிச் சொல்லியிருந்தார்கள். அப்பொருள் வந்து சேருவதற்குமுன் நபி (ஸல்) அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தார்கள். பின்னர் பொருள் வந்தபோது கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், நபிகளார் யாருக்கேனும் வாக்களித்திருந்தாலோ, கடன்பட்டிருந்தாலோ நம்மிடம் வரட்டும் என்று அறிவிக்கச் செய்தார்கள். ஜாபிர் (ரலி) வந்து தமக்களித்த வாக்கைச் சொன்னார். அபூபக்ர் (ரலி) இரு கை நிறைய அள்ளிக் கொடுத்து எண்ணச் சொன்னார்கள். 500 இருந்தது. இதைப்போல் இன்னும் இரு மடங்கு எடுத்துக்கொள்ளும் என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

எழுத்தில் இல்லாத வாக்கு அது. சொன்னவரோ மறைந்துவிட்டார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் அதைக் கடனுக்கு நிகராகவே கருதினார்கள். உரியவர் வந்து கேட்கட்டும் என்று காத்திராமல் தாமே கூவி அழைத்தார்கள். அமானிதம் என்று நாம் எளிதாகச் சொல்லிச் செல்லும் சொல்லின் கனம் அந்த அறிவிப்பில் இருக்கிறது.

கிடங்கும் காயலும்

நூற்றாண்டுகள் கடந்து, மீண்டும் அந்த மேட்டுக்கு வருவோம். கடலோரமாக ஒரு பழைய கோட்டையின் இடிபாடு உண்டு. மேட்டின் உச்சியில் இருப்பது அன்று. அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதியை ஆண்ட அத்தாபெக் அபூபக்ர் பின் ஸஅத் 1235 அளவில் இத்தீவைத் தன் ஆட்சியில் சேர்த்தார். 13ஆம் நூற்றாண்டில் இக்கடலோரக் கோட்டை இந்தியாவோடும் சீனத்தோடும் நடந்த வணிகத்துக்கான கிடங்காகப் பயன்பட்டது. பேரீச்சம்பழத்தை மூட்டைகளாக அடுக்கி, அதன் சாறு வடிந்து சேரும்படி கால்வாய்களோடு கட்டிய 'மத்பஸா' அறைகளும் இம்மேட்டில் வெளிப்பட்டன. காட்சிக்கூடத்தில் உள்ள சீனப் பீங்கான் துண்டுகள் அந்தக் கப்பல்களின் தொலைவைச் சொல்கின்றன.

இங்கேதான் நம் கரையும் கதைக்குள் வருகிறது. தாமிரபரணியின் முகத்துவாரத்தில் செழித்திருந்த காயல் துறைமுகத்துக்கு வளைகுடாவிலிருந்து குதிரைகள் வந்தன. அத்தாபெக் அபூபக்ர் காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மஅபர், கம்பாயத் முதலிய துறைகளுக்கு ஏற்றுமதியானதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரைகள் புறப்பட்ட இடங்களாக கதீஃப், அல்அஹ்ஸா, ஹுர்முஸ் ஆகியவற்றோடு பஹ்ரைனையும் அவர் பெயர் சொல்லிக் குறிக்கிறார். மஅபர் என்பது நம் சோழமண்டல, பாண்டியக் கரை. பாண்டிய மன்னரின் அமைச்சராக விளங்கிய தகியுத்தீன் அப்துர் ரஹ்மானும், கீஷ் தீவை ஆண்ட அவருடைய உடன்பிறந்தார் ஜமாலுத்தீனும் பின்னாளில் இவ்வணிகத்தை நடத்தினர்.

அவர்கள் செய்துகொண்ட உடன்பாடு கவனிக்கத் தக்கது. ஆண்டுக்கு 1,400 குதிரைகள். ஒவ்வொன்றுக்கும் 220 செம்பொன் தீனார் விலை. வரும் வழியில் ஏதேனும் குதிரை இறந்தாலும் அதன் விலையைப் பாண்டியரின் கருவூலம் கொடுத்துவிட வேண்டும். கடலின் ஆபத்தை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டார்கள். முஸ்லிம் வணிகருக்கும் முஸ்லிமல்லாத மன்னருக்கும் இடையே நிலவிய இந்த நம்பிக்கையால் இரு கரையும் வளர்ந்தன. நம் முன்னோர் பலர் இக்கரையில் வேரூன்றியதும் இத்தகைய வாக்குகளின் நிழலில்தான்.

முத்தும் முன்பணமும்

பஹ்ரைனின் செல்வம் என்றால் முத்து. இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் இக்கடலின் முத்துக்குளித்தலைப் பற்றி எழுதும்போது, ஆட்சியாளருக்கு உரிய ஐந்தில் ஒரு பங்கு போக எஞ்சிய முத்துகளை வணிகர்கள் வாங்குவர் என்கிறார். குளிப்போரில் பலர் அவ்வணிகர்களிடமே கடன்பட்டவர்கள் என்றும், கடனுக்கு ஈடாகவே முத்துகள் எடுத்துக்கொள்ளப்பட்டன என்றும் சேர்த்துச் சொல்கிறார். மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கியவனின் கைக்கு அவன் எடுத்த முத்தின் விலை வந்து சேரவில்லை.

இந்த முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. பருவம் தொடங்குமுன் நகுதா முன்பணம் கொடுப்பார். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சும். அது அடுத்த ஆண்டுக்குப் போகும். தந்தை இறந்தால் மகன் தலையில் ஏறும். எழுதத் தெரியாதவனின் கணக்கு எதிர்த்தரப்பின் ஏட்டில் மட்டுமே இருந்தது. 1920களில் பஹ்ரைனில் வந்த சீர்திருத்தங்கள் முன்பணத்துக்கு வரம்பு கட்டின. ஒவ்வொரு குளிப்பவரிடமும் அவருக்குரிய கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும் என்றன. முன்பணம் குறைந்ததால் குளிப்போரே கொதித்தெழுந்ததும் நடந்தது. கடனிலேயே வாழப் பழகியவனுக்கு, அடுத்த வேளை உணவும் கடனாகத்தான் வந்தது. பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும், 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டதும் அந்த வாழ்க்கையையே முடித்து வைத்தன. முஹர்ரக் நகரில் முத்து வணிகர்களின் வீடுகளும் அவற்றைச் சார்ந்த இடங்களும் 2012இல் தனியாக உலகப் பாரம்பரியச் சின்னமாயின.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சொர்க்கம், நரகம் என்று அவர்கள் ஊகிக்கக்கூடும். அது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. கடன் வாங்கியவனே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அவனால் இயலாவிட்டால் அவனுடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிதோ பெரிதோ எழுதச் சோம்பக் கூடாது என்று அது விரிகிறது. முத்துக்குளிப்போரின் கையில் கணக்குப் புத்தகம் வந்து சேர்வதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இறங்கிய வழிகாட்டல் அது. வசனத்தை ஓதிய கரையிலேயே இவ்வளவு காலம் அந்தக் கடன்முறை நடந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. மார்க்கம் குறைவுபடவில்லை, அதைத் தராசுக்கு அருகில் கொண்டுவரத் தவறிய மனிதர்களிடமே குறை.

நமக்கு என்ன?

இவை யாவும் பழங்கதை என்று நம் குடும்பங்கள் கடந்துவிட முடியாது. வெளிநாட்டு வேலைக்காக முகவரிடம் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, முதலிரண்டு ஆண்டுச் சம்பளத்தையும் அந்தக் கடனுக்கே இழக்கும் இளைஞர்கள் நம் தெருக்களில் உள்ளனர். சொன்ன வேலை ஒன்று, கிடைத்த வேலை வேறு என்று திரும்பியவர்களும் உள்ளனர். நன்னியின் ஏட்டில் இருக்கும் முறையீட்டுக்கும் இவர்கள் தொலைபேசியில் சொல்லி அழும் முறையீட்டுக்கும் சாரத்தில் வேறுபாடு இல்லை.

மறுபுறம், நம்மில் பலர் வேலை கொடுப்போராகவும் இருக்கிறோம். கடையில் நிற்கும் பையனின் சம்பளம் எழுத்தில் இருக்கிறதா? உடன்பிறந்தார் இருவர் சேர்ந்து தொடங்கிய தொழிலின் பங்கு எங்கேனும் குறிக்கப்பட்டுள்ளதா? வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய பணத்தில் தம்பி வாங்கிய மனை யாருடையது என்று அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பேசப்பட்டதா? இறந்தவரின் கடனை அடைத்த பிறகே சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது நாம் அறிந்த சட்டம். ஜனாஸாத் தொழுகையின்போது, மையித்துக்குக் கடன் ஏதும் இருந்தால் எங்களிடம் வாருங்கள் என்று வாரிசுகள் அறிவிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அபூபக்ர் (ரலி) அவர்கள் பஹ்ரைனின் பொருள் வந்த அன்று செய்த அறிவிப்பின் எதிரொலியே அது. அந்த அறிவிப்பு ஒரு சடங்காகச் சுருங்காமல், வருபவருக்கு உண்மையில் பணம் கிடைக்கும் வாசலாக இருக்க வேண்டும்.

பஹ்ரைனில் பணிபுரிவோருக்கும், அவர்களைக் காணச் செல்லும் குடும்பத்தாருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளோடு அம்மேட்டுக்குச் சென்று வாருங்கள். கோட்டையின்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல் அருங்காட்சியகத்தின் உள்ளே சென்று, அடுக்குகளின் சுவர்முன் சிறிது நேரம் நில்லுங்கள். எடைக்கற்களையும் முத்திரைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் செய்தியை அங்கேயே சொல்லுங்கள். வெளியே வந்தால் கடல் தெரியும். பழங்காலக் கப்பல்கள் கரை சேர்ந்த கால்வாயும், அவற்றுக்கு வழிகாட்டியதாகக் கருதப்படும் கடற்கோபுரத்தின் எச்சமும் அந்த நீரில்தான் இருக்கின்றன. கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணிகள் தீவெங்கும் நடந்துவந்த காலத்தில், மேட்டோடு சேர்த்து அந்தக் கடற்பரப்பையும் பாரம்பரியச் சின்னத்தின் எல்லைக்குள் கொண்டுவந்து காத்திருக்கிறார்கள். கடல் தெரியாத துறைமுகத்தைப் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம் அல்லவா!

கோட்டையைக் கட்டியவர்களும் அதைப் பிடித்தவர்களும் போய்விட்டார்கள். தரக்குறைவான செம்பை விற்றவன் அவப்பெயரோடு எஞ்சினான். மறைந்துவிட்ட நபிகளாரின் (ஸல்) வாக்கைத் தம் கடனாக ஏற்று அள்ளிக் கொடுத்த தோழரின் செயலை உம்மத் இன்றும் ஓதி வருகிறது. நம் கணக்கேடுகளும் ஒருநாள் விரிக்கப்படும். அந்நாளில் நம் தட்டில் பிறர் உரிமை எதுவும் ஒட்டியிராதபடி வாழ அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.